ஆரஞ்சு வயிற்றுப் பூச்சியும் மூன்று நாள் படகும்

போன இதழில் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதிவிட்டேன். மே கடைசியில் மூன்று நாள் ஓரிகன் மாநிலத்து டெஷூட்ஸ் ஆற்றில் ராஃப்ட்டில், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் இருப்பேன், சால்மன்ஃப்ளை பூச்சி வரும் நேரம், ட்ரௌட் மீன் பிடிக்கப் போகிறேன், அதனால் பதில்கள் தாமதமாகும் என்று. வழக்கமாக வரிக்கணக்கும் விசாவும் கேட்கிறவர்கள்கூட அதை விட்டுவிட்டு ஆற்றைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த முறை ஆறு மட்டும்தான். வரிக்கணக்குக்காரர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: அலுவலக நண்பர்கள் மூன்று பேர் என்னையும் டெஷூட்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாதமாக "ஹேட்ச், ஹேட்ச்" என்று அதே பேச்சு. ஒரு பூச்சி முட்டை பொரிப்பதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? லீவு போடலாமா, வேண்டாமா? (ஹில்ஸ்பரோ வாசகர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். முட்டை பொரிப்பதை அவர்கள் சொல்லவில்லை. தண்ணீருக்குள் பல காலம் கிடந்த பூச்சி சிறகு முளைத்து வெளியே வருகிறதே, தூண்டில்காரர்கள் அதைத்தான் ஹேட்ச் என்கிறார்கள்.

ஊரில் ஈசல் பார்த்திருப்பீர்கள். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து திமுதிமுவென்று கிளம்பி விளக்கைச் சுற்றும், கோழி, காக்கை, பல்லி, தவளை என்று ஊரில் வாயுள்ள ஜீவன் எல்லாம் அன்றைக்கு வேறு வேலை பார்க்காது, எங்கள் பாட்டி வீட்டில் நாங்களும்தான், வறுத்து அரிசிப் பொரியோடு கலந்து தின்றிருக்கிறோம். டெஷூட்ஸ் ட்ரௌட்டுக்கு அப்படியொரு விருந்து வருஷத்தில் ஒரு தடவை வருகிறது, மே நடுவிலிருந்து ஜூன் முதல் பாதிக்குள். பந்தியில் விழுவது சால்மன்ஃப்ளை. பெயரில் சால்மன் இருந்தாலும் மீன் இல்லை, ஸ்டோன்ஃப்ளை குடும்பத்துப் பூச்சி. அதன் உயிரியல் பெயர் டெரோனார்சிஸ் கலிஃபோர்னிகா. சுண்டுவிரல் நீளம் இருக்கும், வயிறு பழுத்த ஆரஞ்சு நிறம், நான்கு சிறகையும் முதுகின் மேல் தட்டையாக மடித்து வைத்துக்கொண்டு குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி புல்லில் ஏறும்.

இந்தப் பூச்சி மூன்று நான்கு வருஷம் ஆற்றுக்கு அடியில் கல்லிடுக்கில் ஊறிய இலைகளைத் தின்றுகொண்டு கிடக்கும். வசந்தத்தில் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வந்ததும் முதிர்ந்தவை அத்தனையும் கரையைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும். நடக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், நீச்சலில் அது ஒன்றும் சூரப்புலி இல்லை. பெரும்பாலும் ராத்திரியில் கரையேறி, ஒரு புல்லையோ கல்லையோ பிடித்துக்கொண்டு, முதுகு வெடித்து, பாம்பு மாதிரி சட்டையைக் கழற்றிவிட்டுச் சிறகோடு வெளியே வரும். விடிகாலையில் காபித் தம்ளரோடு கரைக்குப் போனால் காலிச் சட்டைகள் புல்தோறும் தொங்கும், ஆறு கால், இரண்டு மீசை, முதுகில் ஒரு கிழிசல், உள்ளே ஆள் இல்லை. ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பாருங்கள், உமியை விட லேசு.

அப்புறம் அவை மரத்திலும் புல்லிலும் ஜோடி சேரும். பெண் பூச்சி முட்டையிட ஆற்றுக்கு மேலே தட்டுத் தடுமாறிப் பறக்கும். காற்றடித்தால், கிளை ஆடினால், கால் வழுக்கினால் தண்ணீரில் விழும். எங்கே விழும்? கரையோரத்தில்தான் அதிகம். கடிதம் எழுதிய எல்லோருக்கும் நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயம் இதுதான்: நடு ஆற்றை மறந்துவிடுங்கள், கரையைப் பாருங்கள். மற்ற நாட்களில் ஆழத்தில், நீரோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் நல்ல மீன்கள்கூட இந்த இரண்டு மூன்று வாரம் முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்து, மரக்கிளைக்குக் கீழே, வாசலில் காத்திருக்கும் பூனை மாதிரி நிற்கும்.

லீவு போடுங்கள்.

கேள்வி: டிக்கெட் மாதிரி தேதியைச் சரியாகச் சொன்னால் நன்றாக இருக்கும். மே 20ஆ, ஜூன் 5ஆ? (பீவர்டன் வாசகர்)

பதில்: சரியான தேதி சொன்னால் நான் ஜோசியம் பார்க்கப் போயிருப்பேன்.

தேதியைத் தீர்மானிப்பது தண்ணீரின் சூடு. அது ஆற்றின் கீழ்ப்பகுதியில் முதலில் ஏறும், மேலே போகப் போகத் தாமதமாகும், அதனால் பூச்சியும் கீழே தொடங்கி நாளுக்கு நாள் மேலே நகரும். நீங்கள் ட்ரௌட் க்ரீக் என்ற இடத்தில் படகு இறக்கி மோப்பின் ஊருக்கு மேலே இருக்கும் ஹார்ப்பம் ஃப்ளாட்டில் கரையேறினால், ஏறக்குறைய 30 மைல், மூன்று நாள். மேலே பூச்சி வரவில்லையென்றாலும் கீழே வந்திருக்கும், கீழே முடிந்திருந்தாலும் மேலே மிச்சம் இருக்கும். ஒரே இடத்தில் கூடாரம் போட்டு மூன்று நாள் உட்காருவதை விட ஆற்றோடு இறங்குவதில் இருக்கும் சூட்சுமம் இது. பூச்சி இருக்கிற இடத்தை எங்கேயாவது ஓரிடத்தில் படகு கடந்துதான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம். மேலே பெல்டன், ரௌண்ட் பியூட் என்று அணைகள் இருக்கின்றன. முன்பு அணைக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மட்டும் வந்தது. 2009 கடைசியில் ரௌண்ட் பியூட்டில் ஒரு கோபுரம் கட்டி முடித்தார்கள், மேல்மட்டத்துத் தண்ணீரையும் கலந்து விடுவதற்கு. நீர்த்தேக்கத்தில் கடலுக்கு வழி தெரியாமல் சுற்றும் சால்மன் குஞ்சுகளை ஈர்த்துப் பிடித்து அணைக்குக் கீழே விட வேண்டும், அதற்கு அந்த நீரோட்டம் தேவை. விளைவாக வசந்தத்தில் ஆறு முன்பை விடச் சீக்கிரம் சூடாகிறது, பூச்சியும் முந்திக்கொள்கிறது. பழைய ஆட்கள் "எங்கள் காலத்தில் ஜூன் முதல் வாரம்தான்" என்பார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. கோபுரம் நல்லதா கெட்டதா என்று இங்கே இரண்டு கட்சி உண்டு, தூண்டில் கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் மதியச் சாப்பாடு போய்விடும்.

என் வழக்கம் மே கடைசி வாரம். ஒரு வருஷம் சீக்கிரம் போய் மூன்று நாளில் நாலே பூச்சி பார்த்தேன். ஆனால் அந்தப் பயணத்தில் இளம்பூச்சியைப் போலக் கட்டிய கனமான கறுப்புத் தூண்டிலைத் தண்ணீருக்கடியில் உருட்டி நிறைய மீன் பிடித்தோம். பூச்சிகள் கரைக்கு நடக்கும் வழியிலேயே மீன்கள் மறித்துத் தின்கின்றன. தாமதமாகப் போனதுதான் மோசம். ஆயிரக்கணக்கில் பூச்சி, ஒரு மீன்கூட எழும்பவில்லை. கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தி முடித்தவனிடம் இன்னொரு ஜாங்கிரி நீட்டினால் என்ன முகம் காட்டுவானோ அந்த முகம்.

படகுக்கான அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, ஹேட்ச் வாரங்களில் தீர்ந்துவிடும். மீன்பிடி உரிமம் தனி. பயணத்தின் மேல்பகுதியில் இடது கரை முழுக்க வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் நிலம், 1855 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று வைத்துக்கொண்டது. அங்கே கூடாரம் போடக் கூடாது. மீன் பிடிக்கலாம் என்று திறந்துவிட்ட ஒரு பகுதிக்கும் அவர்களுடைய தனி அனுமதிச் சீட்டு வேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "தெரியாமல் ஏறிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கணவர் "ஒன்றும் ஆகாது வா" என்கிறார். வொய்ட்ஹார்ஸ் ரேப்பிட்ஸ் என்று ஆறு பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடம் இருக்கிறதாமே, அதைப் பற்றிப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. (சியாட்டில் வாசகி)

பதில்: "ஒன்றும் ஆகாது" என்பது பதில் இல்லை, அதை அவரிடமும் சொல்லுங்கள்.

டெஷூட்ஸ் பெரும்பகுதி அமைதியாக, ஆனால் வேகமாக ஓடும் ஆறு. ஊற்றுத் தண்ணீர் நிறைய வந்து சேர்வதால் வருஷம் முழுக்க பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடுகிறது. ட்ரௌட் க்ரீக்குக்குக் கீழே வரும் வொய்ட்ஹார்ஸ் மட்டும் உண்மையிலேயே மரியாதை கொடுக்க வேண்டிய இடம். நீளமான பாறைத் தோட்டம். நுழைந்த உடனே ஒரு பாறை இருக்கிறது, அதன் பெயரைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது, அதன் மேல் மோதப் போகிறவன் வாயிலிருந்து என்ன வரும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் அங்கே படகுகள் மாட்டிக்கொள்கின்றன. பழகிய ஆட்கள்கூட முன்னாலேயே கரை ஒதுங்கி, மேலே ஏறிப் பார்த்து, எந்த வழியாக இறங்குவது என்று பேசி முடித்த பிறகுதான் இறங்குவார்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: துடுப்புப் போடப்போவது யார், அவர் வொய்ட்ஹார்ஸில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறார்? "யூட்யூபில் பார்த்தேன்" என்று பதில் வந்தால் போகாதீர்கள், அல்லது காசு கொடுத்து உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போங்கள். முதல் தடவைக்கு நான் எல்லோருக்கும் வழிகாட்டியைத்தான் சொல்வேன். செலவு கொஞ்சம் கடிக்கும், ஆனால் ராஃப்ட், அடுப்பு, கூடாரம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும்.

லைஃப் ஜாக்கெட்டைப் படகில் இருக்கும்வரை கழற்றவே வேண்டாம். வார்களை இறுக்கிவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள், காது வரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும் என்று அர்த்தம். தவறி விழுந்துவிட்டால் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் நீரோட்டம் போகும் பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள், இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். கல்லிடுக்கில் கால் சிக்கிக்கொண்டால் தண்ணீர் முதுகில் அழுத்தும், அதுதான் ஆபத்து. வெளியே 30 டிகிரி வெயில் அடித்தாலும் தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும், விழுந்த நொடியில் மூச்சு அடைக்கும். மூச்சை மட்டும் பாருங்கள், ஓரிரு நிமிஷத்தில் பழகிவிடும்.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஊரில் கண்மாயில் மண்புழு கோத்துத் தக்கை போட்டுக் கெண்டை பிடித்தவன் நான். இங்கே படகில் உட்கார்ந்தபடியே தூண்டில் வீசிக்கொண்டு போகலாம் என்று கனவு காண்கிறேன். எதெல்லாம் வாங்க வேண்டும்? (போர்ட்லண்ட் வாசகர்)

பதில்: கனவில் இரண்டு ஓட்டை. டெஷூட்ஸில் படகிலிருந்து மீன் பிடிக்கவே கூடாது, சட்டம். ராஃப்ட் என்பது இடம் மாறுவதற்கான வண்டி மட்டும்தான், தூண்டில் போட வேண்டுமென்றால் கரை ஒதுங்கி இறங்கித் தண்ணீரில் நிற்க வேண்டும். மண்புழு டப்பாவையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இந்தப் பகுதியில் செயற்கைப் பூச்சியும் செயற்கை இரையும் மட்டும்தான்.

கண்மாயில் கற்றது வீண் என்று நினைக்க வேண்டாம். தக்கையைப் பார்த்துப் பொறுமையாக உட்கார்ந்த கண் இங்கே ரொம்ப உதவும். மற்றது எல்லாம் பழக்கம்.

5 அல்லது 6 எண் தூண்டில் கம்பு போதும். முனையில் கட்டும் தங்கூசியை மெலிதாக வாங்காதீர்கள், ஆங்கிலத்தில் 3எக்ஸ் என்று போட்டிருக்கும் தடிமன் இருக்கட்டும். இது பெரிய பூச்சி, மீனும் நூலைப் பார்த்துப் பரிசோதித்துக்கொண்டிருக்காது, சட்டென்று கவ்வும், கவ்விய கையோடு வேகமான தண்ணீருக்குத் திரும்பும், அப்போது மெலிந்த நரம்பு அறும். நான்கு முதல் எட்டு எண் முள்ளில் கட்டிய ஆரஞ்சு வயிற்றுப் போலிப் பூச்சிகள் ஒரு டஜன். கடைக்காரர் முப்பது வகை காட்டுவார். தாழ்வாக மிதப்பதில் இரண்டு, உயரமாக மிதப்பதில் இரண்டு என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், உள்ளே நிற்க நிற்கப் பர்ஸ் மெலியும். மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டைக்கு வேடர்ஸ் என்று பெயர், நம்முடைய வேடருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும் போட்டுக்கொண்டால் கொஞ்சம் அந்த நினைப்பு வரத்தான் செய்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டாமல் தண்ணீரில் இறங்காதீர்கள், விழுந்தால் உள்ளே ஆறு புகுந்துகொள்ளும். ஊன்றுகோலுக்கு வெட்கப்பட வேண்டாம், அடியில் இருக்கும் கற்கள் எண்ணெய் தடவிய தேங்காய் மாதிரி.

இப்போது என் கதை. முதல் வருஷம் காலையில் இறங்கினேன். பெரிய ஆறு, நடுவில்தான் பெரிய மீன் இருக்கும் என்ற கணக்கில் தொடை அளவு ஆழத்துக்குப் போய் நின்றுகொண்டு தூரத்தில் வீசினேன். இரண்டு மணி நேரம். ஒன்றுமில்லை. கரையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்த என் மகள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, "அப்பா, உனக்குப் பின்னாடிதான் குதிக்குது" என்றாள். நான் திரும்பவில்லை. பெரிய மனுஷன் இல்லையா. மறுபடியும் சொன்னாள். திரும்பிப் பார்த்தால், எனக்கும் அவளுக்கும் நடுவில், ஆல்டர் மரக்கிளை தண்ணீரைத் தொடுகிற இடத்தில், கரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது, ஒரு பூச்சி விழுந்து சிறகடித்தது, அதன் கீழே தண்ணீர் லேசாகப் புடைத்தது, "களுக்" என்று ஒரு சத்தம், பூச்சியைக் காணோம். விழுங்கிய இடத்தில் சாப்பாட்டுத் தட்டளவு வளையம் ஒன்று விரிந்து கலைந்தது. இரண்டு மணி நேரமாக நான் மீன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், இறங்கும்போது மிதித்துத் துரத்தியது எத்தனையோ.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருவேன். பிறகு முழங்காலுக்கு மேல் போகாமல், கரையை ஒட்டி, நீரோட்டத்துக்கு எதிராக மெதுவாக மேலே நடப்பேன். கிளைக்கு அடியில் போலிப் பூச்சி போய் விழ வேண்டும், அதற்குக் கம்பைத் தலைக்கு மேலே சுழற்றினால் மரம்தான் பிடிபடும், பக்கவாட்டில் தாழ்வாக, சின்னப் பையன்கள் தண்ணீரில் ஓட்டுச் சில்லு எறிவார்களே, அந்தக் கைவாக்கில் வீச வேண்டும். "பொத்" என்று விழுந்தாலும் தப்பில்லை, நிஜப் பூச்சியும் அப்படித்தான் விழுகிறது. நூலில் தொய்வு இருக்கட்டும், பூச்சி தண்ணீரின் போக்கிலேயே மிதந்து வரட்டும், இழுபட்டால் மீன் நம்பாது. நல்ல கிளை ஒன்றுக்கு ஐந்தாறு வீச்சு, எழும்பவில்லையா, அடுத்த கிளை.

வேளை பற்றி ஒரு வார்த்தை. காலைக் குளிரில் பூச்சி புல்லை விட்டு நகராது. வெயில் ஏறி, மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், கூடாரத்தைப் பிடுங்கும், தொப்பியைக் கொண்டுபோகும், எல்லோரும் திட்டுவார்கள். திட்டாதீர்கள். கிளையை உலுக்கிப் பூச்சியை ஆற்றில் கொட்டுவது அந்தக் காற்றுதான்.

கேள்வி: நானும் மனைவியும் சைவம். மூன்று நாள் ஆற்றில் என்ன சாப்பிடுவது? கழிப்பறை? ராத்திரி ரயில் சத்தம் வேறு கேட்கும் என்கிறார்களே, ரோடே இல்லாத இடத்தில் ரயில் எப்படி? (சன்னிவேல் வாசகர்)

பதில்: சைவத்துக்கு இதை விட நல்ல பயணம் கிடையாது, மீன் பிடிபடாவிட்டால் பட்டினி என்ற பயமே இல்லை. முதல் நாளுக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், இரண்டாம் நாள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், மூன்றாம் நாள் ரவா உப்புமா. தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், முதல் மதியமே ஊசிப்போகும். ஐஸை உடைத்த கட்டிகளாக வாங்காமல் பெரிய பாளமாக வாங்குங்கள், மூன்று நாள் தாங்கும். கோடையில் விறகு மூட்டித் தீ போடத் தடை, பள்ளத்தாக்குப் புல் பற்றினால் மைல் கணக்கில் எரியும், அதனால் கேஸ் அடுப்பு. நான் ஒரு தடவை குக்கர் எடுத்துப்போய் மூன்று விசில் விட்டேன், பக்கத்துக் கூடாரத்து அமெரிக்கர் ரயில் வருகிறதென்று எழுந்து பார்த்தார்.

தங்கும் இடங்கள் பலவற்றில் கழிப்பறை உண்டு. இல்லாத இடத்துக்குப் படகிலேயே மூடி போட்ட பெட்டி கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், இரண்டாம் நாள் சகஜமாகிவிடும்.

ரயில் கதை சுவாரஸ்யமானது. 1909இல் ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் என்று இரண்டு ரயில் முதலாளிகள் ஓரிகனின் உள்பகுதியை யார் முதலில் பிடிப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு, ஒரே பள்ளத்தாக்கில் ஆற்றின் ஆளுக்கொரு கரையில் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். ஒரு ரயிலுக்கே சரக்குக் கிடைக்காத ஊருக்கு இரண்டு ரயில்பாதை! கடைசியில் சமாதானமாகி, 1911 அக்டோபரில் பெண்ட் ஊரில் ஹில் வந்து தங்க ஆணி அடித்தார். ஒரு பாதையைப் பிறகு கைவிட்டுவிட்டார்கள், மற்றதில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முகப்பு விளக்கு கூடாரத் துணி மேல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும், படுத்திருக்கிற தரை அதிரும், மனைவி எழுந்து உட்காருவார். எனக்கென்னவோ விழுப்புரம் ஜங்ஷனில் தூங்கிய சுகம்.

கேள்வி: இத்தனை செலவழித்துப் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவதாகக் கேள்விப்பட்டேன். பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லையா? நம் நீலகிரியிலும் ட்ரௌட் இருக்கிறதாமே, இங்கேயே படகில் போகலாமே? (கோவை வாசகர்)

பதில்: தெரிகிறது. முதல் மீனை விட்டபோது எனக்கும் கை வரவில்லை, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கண்முன் வந்துபோயின.

இங்கே இருப்பது ரெட்பேண்ட் என்ற ரெயின்போ ட்ரௌட், பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்டதல்ல, காலங்காலமாக இந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த இனம். பக்கவாட்டில் செம்பட்டை ஓடும், உள்ளூர்க்காரர்கள் ரெட்சைட் என்பார்கள். பெரும்பாலும் ஒரு அடி, ஒன்றேகால் அடிதான் இருக்கும், ஆனால் இந்த வேகமான தண்ணீரிலேயே வாழ்ந்த உடம்பு, கையில் பிடித்தால் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை, இந்த நீளத்துக்கு மேல் என்று அளவோடு எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அளவு மாறும், அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பாருங்கள். ஒன்று எடுத்து வறுத்துச் சாப்பிடுகிறவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹேட்ச் வாரத்தில் மீன்கள் புத்தி கெட்டுப்போய்க் கரைக்கு வந்து நிற்கின்றன, ஆற்றில் நூறு தூண்டில், எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப்போனால் அடுத்த வருஷம் யாருக்குப் பூச்சி வரும்? நான் விட்டுவிடுவேன். முள்ளில் பின்னோக்கி நிற்கும் கூர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். தண்ணீருக்கு மேலே தூக்கிப் போட்டோ எடுத்து, சரியில்லை என்று இன்னொரு போட்டோ எடுக்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும்.

நீலகிரி ட்ரௌட் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை உண்டு. ரெயின்போவின் பூர்வீகம் பசிபிக் கடலோரத்து ஆறுகள்தான், ஆக உங்கள் ஊர் மீன் எங்கள் ஊர் மீனின் தூரத்துச் சொந்தம். ஆனால் அங்கே இருப்பவை சின்ன ஓடைகளும் நீர்த்தேக்கங்களும், பல நாள் மிதந்து போக ஆறு கிடையாது, நிறைய இடம் பாதுகாக்கப்பட்ட காடு. வனத்துறையைக் கேட்காமல் தூண்டிலோடு போய் நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: பாம்பு உண்டா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உண்டு. கிலுகிலுப்பைப் பாம்பு. பாறையில் கையை வைக்கும் முன், உயரமான புல்லில் காலை வைக்கும் முன் பாருங்கள். எனக்குப் பாம்பை விட அதிகத் தொல்லை கொடுத்தது கரையில் மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி செடி, பத்து நாள் சொறிந்தேன்.

கேள்வி: தூண்டிலே போடாமல் சும்மா கூட வரலாமா? எட்டு வயதுப் பையனையும் கூட்டி வரலாமா? எனக்குப் பூச்சி என்றால் அலர்ஜி, அதுதான் யோசனை. (வேன்கூவர், வாஷிங்டன் வாசகி)

பதில்: வரலாம். பையனுக்குச் சின்னச் சின்ன உடம்புக்கென்று அளவெடுத்த லைஃப் ஜாக்கெட் வேண்டும், பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கக் கூடாது. ஓரிகனில் 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, அவன் கையிலும் ஒரு கம்பைக் கொடுக்கலாம். வொய்ட்ஹார்ஸுக்கு மேலே அவனை இறக்கி, ஒரு பெரியவரோடு கரையோரமாக நடக்க வைத்து, கீழே ஏற்றிக்கொள்ள முடியுமா என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பூச்சி விஷயத்தில் பொய் சொல்ல மாட்டேன், உங்கள் மேல் ஏறும். சட்டைக் காலரில், தொப்பி விளிம்பில், ஒரு தடவை என் காபியில். கடிக்காது, கொட்டாது, சிறகு வந்த பிறகு அதற்குப் பெரிதாகச் சாப்பாடே இல்லை. கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காமல் இரண்டு விரலால் எடுத்துப் பையன் கையில் கொடுங்கள். கரையோரத்தில், கிளைக்கு மேல்பக்கம், தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அது மிதந்து கிளைக்கு அடியில் போகிறவரை மெதுவாக ஒன்று, இரண்டு என்று எண்ணட்டும். என் மகள் ஏழுக்கு மேல் எண்ணியதில்லை.